இரட்டைப் பிள்ளைக்காரியின் கை

என் வலது கை முழுதாக நீளாது. முழங்கையில் சற்று மடங்கியே நிற்கும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க இடது கையைத்தான் தூக்குவேன். சட்டை போடும்போது முதலில் வலது கையை நுழைத்துக்கொண்டு அப்புறம்தான் மற்றது. கேட்பவர்களிடம் பரோட்டா அடித்ததில் வந்தது என்று சொல்வேன். ஆரம்பம் அதுதான். முடிவு வேறு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓரிடத்தில் நிலைத்து வேலை பார்க்கிற உடம்பு எனக்கு வாய்க்கவில்லை. மணியாச்சி ஸ்டேஷனில் டீத்தூக்கோடு பெட்டி பெட்டியாக ஏறி இறங்கினேன். கிடை போடுகிறவர்களோடு சேர்ந்து கொஞ்ச காலம் கரிசல் காடுகளில் செம்மறியாட்டுக்குப் பின்னால் திரிந்தேன். தொண்ணூறுகளின் பாதியில் கயத்தாற்றில், லாரிகள் நிற்கிற ஒரு கடையில் பரோட்டா மாஸ்டராக ஆனேன். மாஸ்டர் என்பது பேருக்கு. மாவு பிசைவது, உருட்டுவது, வீசுவது, சுட்டதை அடுக்கி இரண்டு கையாலும் அடித்து உதிர்ப்பது எல்லாம் நான் ஒருத்தன்தான்.

வலி முழங்கையின் வெளி எலும்பில் தொடங்கியது. பிறகு கம்பி இழுத்த மாதிரி மணிக்கட்டு வரைக்கும் வந்தது. டம்ளரைத் தூக்கினால் கையிலிருந்து நழுவும். முதலாளியிடம் சொன்னேன்.

"ஏலே, லாரிக்காரன் ஒங் கையப் பாக்கவா வாரான்? பரோட்டாவப் பாத்துல்லா வாரான். அடி" என்றார்.

கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் என் முழங்கையை ஒரு விரலால் அழுத்தினார். நான் பல்லைக் கடித்தேன். கைக்கு ஓய்வு கொடு, வேறு மருந்து இதற்கு இல்லை என்றார். கைக்கு ஓய்வு கொடுத்தால் வயிற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவர் சிவப்பு மருந்தை ஊசியில் ஏற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது பெரிய ஊசி, தாங்குவியாலே?" என்று கேட்டுவிட்டுக் குத்தினார். படி இறங்கும்போதே வலி இறங்கிவிட்டது. மருந்து உடம்பில் ஓடுவதற்காவது நேரம் வேண்டாமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்த தடவை போனபோது அவர் இல்லை. அவருடைய மச்சான் அதே சிவப்பு மருந்தை, ரேடியோ கேட்டுக்கொண்டே, ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டார். அது கேட்கவில்லை, வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பரோட்டா அடிக்க முடியாதவனைக் கயத்தாற்றில் யார் வைத்துக்கொள்வார்கள்? கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற இடத்துக்கு ஆள் கேட்டார்கள். போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையுமாக நீண்ட கொட்டகைகள், நடுவில் காயப்போடும் களம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டை அடுக்குவார்கள். கட்டை என்பது மரச்சட்டம். அதற்குள் பட்டையான பலகைகளைப் போட்டு, ஒவ்வொரு பலகையிலும் தீக்குச்சிகளை நெருக்கி வரிசை வைத்து, மேலே இன்னொரு பலகையால் இறுக்க வேண்டும். முழுக்கட்டை ஆனதும் நாங்கள் ஆண்கள் எடுத்துப் போய் குச்சி முனைகளை மருந்தில் முக்கி, கையை நீட்டி மேல் அடுக்கில் ஏற்றுவோம். காலை முதல் பொழுது சாய்கிற வரைக்கும் அந்தப் பெண்களின் பெருவிரல்கள் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கை வலிக்காத ஒருத்தி அங்கே கிடையாது.

"காலையில எம்புருசன் தலையில அடிச்சுக்கிடச் சொன்னான். கை தூக்க முடியல, நீயே அடிச்சுவிடுன்னேன்" என்பாள் ஒருத்தி. வரிசை முழுக்கச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே மணிக்கட்டைத் தொடையில் அமுக்கித் தேய்ப்பார்கள்.

வலி பொறுக்காமல் யாராவது லீவு கேட்டால் போர்மேன் ஜன்னலைக் கை காட்டுவார். "அவ கையில போயி வழிச்சுட்டு வா. லீவு எதுக்கு?"

ஜன்னல் பக்கத்தில், காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரே இடத்தில், ஒரு பெண் உட்கார்ந்து கட்டை அடுக்குவாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய், வருவதை நிறுத்திவிட்டான். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரட்டை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் தடவி வழித்தால் சுளுக்கும் பிடிப்பும் இறங்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிற விஷயம். டாக்டருக்குப் படித்தவர்களின் வீட்டிலும் நம்புவார்கள். ஓர் ஊரில் அப்படி ஒருத்திதான் இருப்பாள். அந்த ஆபீஸுக்கு அவள். ஜன்னல் இடம் அதற்காகக் கொடுத்தது.

நான் போய்ச் சேர்ந்த வாரமே என் கையைப் பார்த்துவிட்டார்கள். முழுக்கட்டையை மேல் அடுக்கில் ஏற்ற இடது தோளைக் கொடுத்தேன். போர்மேன் என்னையும் ஜன்னலுக்கு அனுப்பினார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிவந்துவிடும். இரண்டுக்கும் ஒரே துணியில் தைத்த பாவாடை. ஒன்று கொஞ்சம் வாட்டசாட்டம், இன்னொன்று ஒல்லி. "வயித்துக்குள்ளயே இதுக்கும் சேத்து அது தின்னுட்டு" என்று கேலி செய்வார்கள். அவள் சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெயை ஊற்றி நீட்டினாள். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு விரலை எண்ணெயில் தொட்டு எடுத்தார்கள். அது அவளுடைய முறை. பிள்ளைகள் தொடாத எண்ணெயை அவள் கையில் எடுக்கமாட்டாள்.

"எங்கன வலிக்கி?"

காட்டினேன்.

"எத்தன நாளா?"

"வருசமா."

"வருசமா வச்சுக்கிட்டு இருந்தியா? ஆக்கிப்போட ஆளில்லன்னா கையக் கவனிக்கவுமா ஆளில்ல?" என்று சொல்லிக்கொண்டே பெருவிரலை முழங்கை எலும்புக்குக் கீழே வைத்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள். அவள் பெருவிரல் நகம் அகலமாக, குச்சி தள்ளித் தள்ளித் தேய்ந்து போயிருந்தது. எண்ணெய்க்கு அடியில் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. எழுந்து கையை நீட்டினேன், நீண்டது. மடக்கினேன், மடங்கியது. அன்று சாயங்காலம் கட்டைகளை வலது கையாலேயே ஏற்றினேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எனக்கு முழங்கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

இதில் ஆபீஸுக்கு நல்ல லாபம் இருந்தது. அவள் கையில் வழித்துக்கொண்ட பிறகு வலிக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால், "இரட்டைப் பிள்ளைக்காரி வழிச்சும் போவலன்னா அது வலியில்லட்டி, சோம்பேறித்தனம்" என்பார் போர்மேன். பெண்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வீங்கின மணிக்கட்டோடு வலி இல்லை என்று சொல்லிக் கட்டை அடுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே வலிக்கவில்லை.

மாசி மாதம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். முதல் நாளே ஜன்னல்காரியைப் பார்த்து, "நீ இங்கனயா இருக்க?" என்றாள். இருவருக்கும் ஒரே ஊர். ஜன்னல்காரி தலையை ஆட்டிவிட்டுக் கட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மத்தியானம் பிள்ளைகள் வந்து எண்ணெயில் விரல் தொட்டதைப் புதியவள் பார்த்தாள். எதற்கு என்று பக்கத்தில் கேட்டாள். சொன்னார்கள்.

"ரெட்டைப் பிள்ளையா? இவளுக்கா?" என்று சிரித்துவிட்டாள். "அந்தப் பெருசுதான் இவ பெத்தது. ஒல்லி இவ தங்கச்சி பிள்ளைல்லா. கல்யாணம் ஆகாமப் பெத்துப் போட்டுட்டு அவ கெணத்துல விழுந்துட்டா. இவ பச்ச உடம்போட ரெண்டையும் தூக்கிட்டு ஊர விட்டு வந்தா. எங்க ஊர்ல கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

கெடுக்க வேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். அந்தப் பேச்சு வரிசையில் கடைசி ஆள் வரைக்கும் போய்ச்சேர, ஒரு கட்டை அடுக்குகிற நேரம் ஆகவில்லை.

எனக்கு டீ குடிக்கிற நேரத்தில் வந்தது. அன்று காலையில் வழக்கம்போல் கட்டை தூக்கியிருந்தேன். செய்தி கேட்டு, டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோது முழங்கை எலும்பில் சுருக்கென்றது. பழைய இடம்தான். சாயங்காலம் என்னால் தண்ணீர்க் குழாயைத் திருக முடியவில்லை. மறுநாள் வரிசையில் பாதிப் பேர் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பல வருஷம் கழித்து, வேறோர் ஊரில், ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார்: மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்தாலும், கொடுக்கிறவரை நம்பினால் சிலருக்கு வலி குறையுமாம். அப்படியானால் அந்த வலி பொய்தானா என்று கேட்டேன். வலியும் பொய் இல்லை, குறைந்ததும் பொய் இல்லை என்றார். எனக்கு அது புதிய செய்தி இல்லை. ஒரு கொட்டகை நிறையப் பேருக்கு வலி போனதையும், ஒரே பேச்சில் அத்தனையும் திரும்பி வந்ததையும் நான் பார்த்திருந்தேன். எங்கள் ஆபீஸில் இருந்தவர்களுக்கு இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வலி திரும்பி வந்துவிட்டது, அதனால் அவள் ஏமாற்றியிருக்கிறாள். அவ்வளவுதான் அவர்களுடைய கணக்கு.

"இத்தன நாளு எம் மேல கைய வச்சிருக்காளே, கெணத்துல விழுந்தவ பாவம் எங் கையிலல்லா ஒட்டியிருக்கும்" என்றாள், தலையில் அடிப்பதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறவள்.

ஜன்னல்காரி அடுக்கி வைத்த குச்சிகள் மேல் யாரோ தண்ணீரைக் கொட்டினார்கள். ஜன்னல் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்துகொண்டாள். எண்ணெய்க் கிண்ணம் களத்தில் கிடந்தது. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கொட்டகையின் கடைசியில், மருந்து நெடி அடிக்கிற எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அடுக்கினாள். பள்ளிக்கூட மணி அடித்தால் மட்டும் எழுந்து வாசலுக்கு ஓடினாள். பிள்ளைகளை உள்ளே விடாமல் வெளியிலேயே சோற்றை ஊட்டி அனுப்பினாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அவள் போவதற்குள் பிள்ளைகள் குழாயடிக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் ஒல்லியை நிறுத்தி, தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பெரியதைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒங்கம்மை எங்க இருக்கா?"

"உள்ள கட்டை அடுக்குதா."

"அது ஒங்கக்கா அம்மைட்டி. ஒங்கம்மை எங்க?"

பிள்ளைக்கு விளங்கவில்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. குழாயடியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்குள் ஜன்னல்காரி ஓடிவந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானமே போர்மேனிடம் வந்து நின்றாள். நான் பக்கத்தில் மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, எனக்குச் சன்னலும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம். எவ கையையும் இனிமே தொடமாட்டேன். பிள்ளட்ட மட்டும் ஒண்ணும் சொல்லாம இருக்கச் சொல்லுங்க. அது என்னையத்தான் அம்மைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. சின்னது அண்ணாச்சி. கெணறு அது இதுன்னு சொல்லிக் கொன்னுபோடுவாளுவ."

போர்மேன் காதைக் குடைந்துகொண்டிருந்தார். "எந்தப் பிள்ள யாருக்குப் பொறந்ததுன்னு எனக்கு என்னம்மா வந்தது? கட்டை கொறையுது. அத்தன பேரும் கையில துணியச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்காளுவ. மொதலாளி எங்கிட்டல்லா கேக்காரு." கொஞ்சம் யோசித்தார். பிறகு அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டும் நீ பெத்ததுதானா?"

அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "நாம் பெத்ததுதான்."

"அப்ப ஒங் கை கேக்கும்லா? எல்லார் முன்னாடியும் வழிச்சுக் காட்டு. கேட்டா, பிள்ளையப் பத்தி எவளாவது வாயத் தொறந்தா நான் வேலைய விட்டு நிறுத்துதேன். கேக்கலன்னா நீ பொய் சொல்லுத. பெறகு அவளுவ பாடு, ஒம் பாடு."

யார் கையை என்று கேள்வி வந்தது. பெண்கள் எல்லாரும் வரமாட்டோம் என்றார்கள். போர்மேன் என்னைக் காட்டினார். நான் வெளியூர்க்காரன், ஒருத்திக்கும் சொந்தக்காரன் இல்லை. என் வலி எல்லார் வலியையும்விடப் பழையது. அது திரும்பி வந்துவிட்டது என்று நானே டீக்கடையில் சொல்லியிருந்தேன். என்னை யாரும் சந்தேகப்பட முடியாது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் களத்தில் கூடினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவர்கள் உண்டு. ஒரு பலகையைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். "பிள்ளைங்க வரட்டும். முறை மாறக் கூடாது" என்றாள் பாஞ்சாலங்குறிச்சிக்காரி. பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். யாரோ இரண்டுக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வாய் நிறைய மிட்டாயோடு வந்து எண்ணெயில் விரலைத் தொட்டார்கள். ஒல்லி தொட்டபோது பின்னாலிருந்து ஒருத்தி கனைத்தாள்.

ஜன்னல்காரி என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. எங்கே என்று அவளுக்குத் தெரியும். பெருவிரலை வைத்தாள்.

எனக்கு உயிர் போனது. முதல் தடவை தூக்கம் வந்த அதே விரல்தான், அதே எண்ணெய்தான். விரல் நகர நகர எலும்பிலிருந்து சதையைக் கீறி எடுப்பது போல இருந்தது. நான் சத்தம் காட்டவில்லை. காட்டவில்லை என்றாலும் உள்ளே நரம்பு துள்ளியது. விரலுக்கு அடியில் துள்ளினால் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

"அமுக்கி வழி. பூ மாதிரித் தடவுனா எவனும்தான் போயிட்டும்பான்" என்றார் போர்மேன்.

அவள் அமுக்கினாள். முழு உடம்பையும் பெருவிரலில் இறக்கி அமுக்கினாள். எனக்கு வலிக்கும் என்று தெரிந்தே அமுக்கினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெயிலுக்கு எல்லார் முகமும் நனைந்துதான் இருந்தது.

"போதும். என்னலே, வலி போயிட்டா?"

ஒல்லி, அக்காளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அழுதிருந்தால் ஒருவேளை நான் உள்ளதைச் சொல்லியிருப்பேன். அழுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகினவன் நான். அது அழவில்லை. ஏதோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்து, மெல்லுவதை நிறுத்திவிட்டு, மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு என் கையையே பார்த்தது.

"போயிருச்சு" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

"அப்ப தூக்கிக் காட்டு."

முழுக்கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார்கள். சிரிக்க வைக்கிறவள் இன்னும் ஒன்றைக் கொண்டுவந்து மேலே வைத்தாள். வலது கையை அடியில் கொடுத்துத் தூக்கினேன். மேல் அடுக்குக்குக் கையை நீட்டும்போது முழங்கைக்குள் நூல் கொத்தாக அறுவது மாதிரி ஒன்று விட்டது. கட்டை விழவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினேன். போர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்காரியைப் பார்த்து, "இனிமே கெணத்துக் கதைய எங்கயாவது சொன்ன, ஒன்ன நிறுத்திப்போடுவேன்" என்றார். ஒல்லி மிட்டாயை மென்றது.

மறுநாள் மணிக்கட்டுகளில் துணி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலடியில் பழையபடி கூட்டம். கை கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. கெணத்துல விழுந்தவ பாவம் என்று சொன்னவள்தான் முதலில் போய் உட்கார்ந்தாள். போர்மேன் அந்த வாரம் கூடுதலாகக் கட்டை கேட்டார். வலிதான் போயிருச்சே, அப்புறம் என்ன என்றார். அடுக்கிக் கொடுத்தார்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக்காரியோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பொய்க்காரி என்றார்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்கப் பார்த்தவள் என்று, பிரிக்கப் பார்த்தவர்களே சொன்னார்கள். அவள் தூக்குச்சட்டியைத் தள்ளிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கும் பெருவிரல் வீங்கியது. ஒரு மத்தியானம் தயங்கித் தயங்கி ஜன்னலடிக்கு வந்து கையை நீட்டினாள். ஜன்னல்காரி பிள்ளைகளை எண்ணெய் தொடச் சொல்லிவிட்டு வழித்தாள். "எறங்கிட்டு" என்றாள் வந்தவள். பிறகு மெதுவாக, "நாந்தான் வேற யாரையோ நெனச்சுக்கிட்டு சொல்லிட்டேன் போல" என்றாள். தன் ஊர்க் கிணற்றையே மறக்கும் அளவுக்கு அவளுக்கு அந்தக் கொட்டகையில் ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

கேட்காமல் போனது எனக்கு ஒருத்தனுக்குத்தான். கை முழங்கைக்கு மேல் கறுத்து வீங்கியது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன். எல்லார் கண்ணும் என் மேல் இருந்ததால் இடது கையால் தூக்கவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்ப்பார்கள். கோவில்பட்டி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. வலியைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு கட்டை தூக்கினேன். தூக்கத் தூக்க அது உள்ளே இறுகிக்கொண்டே போனது.

ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்ட பிறகு, சாலைக்குப் போகிற வண்டிப்பாதையில் அவளை நிறுத்தினேன். கரிசல் வெடித்து, கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாகக் கிடந்தது.

"ஒரு தடவ வழிச்சுவிடு. யாரும் இல்லாதப்போ" என்றேன்.

"ஒனக்குக் கேக்காது."

"அவளுவளுக்குக் கேக்குதே. அந்த ஊர்க்காரிக்கே கேக்குது."

"அவ இப்ப நம்புதா. நீ நம்புதியா?"

நான் வெடிப்பில் கிடந்த மண்கட்டியைக் காலால் தள்ளினேன்.

"அன்னைக்கு வெரலுக்குக் கீழ ஒங் கை பேசிட்டு" என்றாள். என் சட்டைக் கையை மேலே ஏற்றி வீக்கத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஓர் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சட்டையை இழுத்து மணிக்கட்டு வரைக்கும் மூடிவிட்டாள்.

"நீ இங்கன இருக்கக் கூடாது. என்னைக்காவது ஒரு நாள் கட்டையத் தூக்கும்போது மூஞ்சியச் சுளிப்ப. எவளாவது பாத்துருவா. பெறகு எல்லாவளுக்கும் வலி வந்துரும். எம் பிள்ளையப் புடிச்சு நிறுத்தி மறுபடியும் கேப்பாளுவ. போயிரு."

"எங்க போக? கை இப்படி இருக்கு."

"நீ என்ன ஒரே இடத்துல இருக்கவனா? எங்கயாவது போவ."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஓடுகிறவன் என்று தெரிந்துதான் சொன்னாள். அந்த வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போகிறேன் என்று போர்மேனிடம் சொன்னேன். "நல்லா இருக்க கைய வச்சுக்கிட்டு ஏன்லே அலையுத?" என்றார் அவர்.

வண்டிப்பாதையில் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு எதிரே வந்தன. ஒல்லி நின்றது.

"மாமா, வலி போயிருச்சா?"

"போயிருச்சுமா."

அது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது. பையை நான் இடது கையில் வைத்திருந்தேன். வலது கைக்கு மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன்.